அகராதித் தேடலில் தொலைந்துபோகும் சொற்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக வாரம் ஒரு சொற்புதிர் தயாரிக்கிறேன். முதலெழுத்தை மட்டும் மாற்றி, ‘ட்டம்’ என்று முடியும் சொற்கள் எத்தனை சொல்ல முடியும் என்பது ஒரு வாரத்துப் புதிர். விடைக்காகக் கணினியில் இருந்த சொற்பட்டியலில் ^.ட்டம்$ என்ற ரெஜெக்ஸ் வடிவத்தைக் கொடுத்தேன். ரெஜெக்ஸ் என்பது தேட வேண்டிய சொல்லின் அமைப்பைக் கணினிக்குக் குறிகளால் சொல்லும் முறை. ^ சொல்லின் தொடக்கம், $ முடிவு, இடையில் உள்ள புள்ளி ஏதேனும் ஓர் எழுத்து என்று எண்ணிக்கொண்டேன். கட்டம், சட்டம், பட்டம், வட்டம், ஆட்டம், ஓட்டம் எல்லாம் வந்தன. வகுப்பில் வாசித்து முடித்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “தோட்டம் எங்கே, டீச்சர்?” வீடே தோட்டத்துக்குள் இருக்கும் பிள்ளை அவள். பட்டியலில் கூட்டமும் இல்லை, நாட்டமும் இல்லை, திட்டமும் இல்லை.

தமிழ்ச் சொல் தேடுவோர் முதலில் விழும் குழி இதுதான். நமக்கு ‘தோ’ ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் அது இரண்டு குறியீடுகள்: த ஒன்று, ோ ஒன்று. ரெஜெக்ஸின் புள்ளி ஒரு குறியீட்டை மட்டுமே பிடிக்கும். ‘ப’ ஒரு குறியீடு என்பதால் பட்டம் வந்தது. ‘ஆ’ உயிரெழுத்து, அதுவும் ஒன்று என்பதால் ஆட்டம் வந்தது. உயிர்க்குறி ஏறிய உயிர்மெய்கள் அத்தனையும் வெளியே நின்றுவிட்டன. நம் 247 எழுத்துகளில் 18 மெய்யும், அகரம் ஏறியவை தவிர்த்த 198 உயிர்மெய்யும் இப்படி இரண்டு குறியீடு கொண்டவை. பிழை எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இதைக் கண்டதும் பலர் ^ குறியை எடுத்துவிடுகிறார்கள். தோட்டம் வந்துவிடும், கூடவே போராட்டம், கொண்டாட்டம், மின்னோட்டம் என்று வெள்ளமும் வரும். இரண்டு புள்ளி வைத்தால் தோட்டம் வரும், பட்டம் போய்விடும். சரியான வடிவம் இது: ^[அ-ஹ][ா-்]?ட்டம்$. முதல் சதுர அடைப்பு உயிரையோ மெய்யின் அடிவடிவத்தையோ பிடிக்கிறது. இரண்டாவது, கால் முதல் புள்ளி வரையுள்ள துணைக்குறிகளில் ஒன்றைப் பிடிக்கிறது. அதன் பின்னுள்ள கேள்விக்குறி, அந்தத் துணைக்குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்கிறது.

மறுபக்கத் தவறும் உண்டு. ^கட என்று தேடினால் கடல், கடமை, கடன் மட்டும் வரும் என்று நினைப்போம். கடை, கடி, கட்டு எல்லாம் சேர்ந்தே வரும், ஏனென்றால் அவற்றுக்குள்ளும் ‘ட’ இருக்கிறது. அகரம் ஏறிய ‘ட’ மட்டும் வேண்டுமென்றால் அடுத்து துணைக்குறி வரக்கூடாது என்று சொல்ல வேண்டும்: ^கட(?![ா-்]).

எதுகை தேடுவோர்க்கு இவை இரண்டும் உயிர்நாடி. இரண்டாம் எழுத்தைக் கொண்டு சொல் தேடுவது நமக்குப் புதிதல்ல. வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதி எதுகைச் சொற்களுக்கென்றே அமைந்தது. அதில் ‘எழுத்து’ என்றால் தமிழ் எழுத்துதான். கணினிக்கு அதை நாம்தான் கற்பிக்க வேண்டும்.

மெய்யெழுத்துகளைக் குறிக்க [க-ன] என்று எழுதுவது இன்னொரு தவறு. நெடுங்கணக்கில் ன கடைசி. யூனிகோடில் அது ந-வுக்கு அடுத்து நிற்கிறது. ஆகவே ப, ம, ய முதலாக ஒன்பது மெய்கள் விடுபடும், அழையாத ஜ உள்ளே வரும். [க-ஹ] என்று கொடுத்து வேண்டாத கிரந்தத்தை நீக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கே தெரியாத தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ‘கொ’ என்பதை க-வும் ொ-வும் சேர்த்தும் பதியலாம். க, ெ, ா என மூன்றாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இரண்டாவது வகை கிடக்கும். தேடும் முன் பட்டியல் முழுவதையும் யூனிகோடு இயல்பாக்கத்தின் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். ஆனால் ‘கௌரவம்’ என்பதை ளகரம் போட்டு ‘கெளரவம்’ என்று தட்டியிருந்தால் இயல்பாக்கம் அதைத் திருத்தாது. அது கையால் களைய வேண்டிய களை.

இங்கே பிள்ளைகளிடம் மலை–மல, தலை–தல என்று தமிழையும் மலையாளத்தையும் ஒப்பிட வைப்பேன். அதற்கு மலையாளப் பட்டியலிலும் தேட வேண்டியிருக்கிறது. அங்கே சில்லெழுத்துகள், அதாவது உயிர் ஏறாமல் தனி வடிவில் நிற்கும் மெய்கள், இதே தொல்லை. 2008-இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை (மலையாளத்தின் புள்ளி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்றாகப் பதிந்தார்கள். இரண்டு வகையையும் தேடாவிட்டால் பாதிச் சொற்கள் தப்பிவிடும்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் தேடுவோர் சொல்லெழுத்துக்கான \w குறியையும் சொல் எல்லைக்கான \b குறியையும் தமிழில் நம்ப வேண்டாம். அதன் இயல்பான ரெஜெக்ஸ் தொகுப்பு உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. தோட்டம் என்ற சொல் த, ட, டம என்று உடைந்து வரும்.

அகராதியின் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் வினைகள் ‘ஓடு-தல்’ என்ற அமைப்பில் நிற்கின்றன. டு$ என்று தேடினால் மண்ணோடு கிடைக்கும் ‘ஓடு’ வரும், காலால் ஓடும் ‘ஓடு’ வராது. சிறுகோட்டையும் அதன் பின்னுள்ளதையும் வெட்டிவிட்டுத் தேடுங்கள்.

இப்போதெல்லாம் எந்த வடிவத்தையும் ஓட்டும் முன், வர வேண்டிய பத்துச் சொற்களைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்கிறேன். ஒன்று குறைந்தாலும் பட்டியலை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. ‘ட்டம்’ புதிரின் தாளில் முதல் சொல் தோட்டம்.