பைன் பலகையின் இழை ஓட்டத்தை லேசர் புள்ளியால் கண்டுபிடிப்பது எப்படி?

பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகையில் நான் செய்த புத்தகத் தட்டு ஒன்று முறிந்தது. முறிவைப் பார்த்தால் இழை, அதாவது மரத்தின் நார், சாய்வாக ஓடியிருக்கிறது. மேலே தெரிந்த கோடுகளோ நேராகத்தான் இருந்தன. அவை வளர்ச்சி வளையங்களின் கோடுகள். அவற்றை வைத்து இழையின் திசையைச் சொல்ல முடியாது. அதை லேசர் காட்டும்.

1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு லேசர் பாயிண்டர் போதும். மலிவான பச்சை பாயிண்டர் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கசியும். எந்த லேசரையும் கண்ணுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

பலகையை இழைத்து, தூசி தட்டி, அறையை இருட்டாக்குங்கள். வார்னிஷ் அடித்த பலகை சரிவராது. பாயிண்டரை ஸ்டாண்டில் செங்குத்தாகப் பொருத்துங்கள். சாய்ந்தால் வெறும் காகிதத்தில்கூடப் புள்ளி நீளும்.

பைன் மரத்தின் டிரக்கீடு செல்கள் 3 முதல் 5 மி.மீ. வரை நீளமுள்ள மெல்லிய குழாய்கள். ஒளி அவற்றின் போக்கிலேயே அதிகம் பரவுவதால் புள்ளி நீள்வட்டமாகிறது. அது நீளும் திசைதான் இழை ஓடும் திசை.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். எல்லாப் பலகையிலும் ஒரே கோணம் வந்தது. காரணம், டயோடு லேசரின் கற்றையே பெரும்பாலும் நீள்வட்டமாகத்தான் வரும். பலகையை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே திரும்பினால் அது மரத்துடையது, திரும்பாவிட்டால் பாயிண்டருடையது. அலுமினியத் தாளில் குண்டூசியால் துளையிட்டு பாயிண்டரின் வாயில் ஒட்டினேன், புள்ளி வட்டமாகிவிட்டது.

அப்புறம் செல்போனில் எக்ஸ்போஷரை (படத்தின் ஒளி அளவை) மாறாதபடி பூட்டிவிட்டுப் படமெடுங்கள். கோணம் அளக்க எனக்குப் பிடித்தது இலவச மென்பொருளான இமேஜ்ஜே. சிவப்புச் சேனலை மட்டும் பிரித்து, த்ரெஷோல்டு (புள்ளியைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் ஒளி வரம்பு) வைத்து, புள்ளிக்கு நீள்வட்டம் பொருத்தும் ஃபிட் எலிப்ஸைத் தேர்ந்தெடுத்தால் கோணம், நீளம், அகலம் மூன்றும் வந்துவிடும்.

பலகையின் நீளவாக்கிலிருந்து 10 செ.மீ.க்கு 1 செ.மீ.க்கு மேல், அதாவது சுமார் 6 டிகிரிக்கு மேல், இழை விலகினால் அந்தப் பலகையைச் சுமை தாங்கும் இடத்தில் வைப்பதில்லை. நீள்வட்டம் சுருங்கி வட்டமாகும் இடத்தில் கணு இருக்கும். அங்கே இழைகள் நம்மை நோக்கி நிற்பதால் ஒளி உள்ளே இறங்கிவிடுகிறது. பென்சிலால் குறித்துவையுங்கள்.

பிற்சேர்க்கை: தேக்கில் வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். நானும் பார்த்தேன், நீட்சி மிகக் குறைவு. அகன்ற இலை மரங்களின் இழைகள் சுமார் 1 மி.மீ.தான். தேக்குக்கு ஓரத்துண்டு ஒன்றை உளியால் பிளந்து, பிளவு போகும் திசையைப் பாருங்கள்.