இரவல் காட்சி: பகோடாவைப் பார்க்கிறீர்கள், நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை

சீனத் தோட்டம் வரையப் பழகுகிறவர்களின் வரைபடங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வெளியே நிற்கும் மலையையோ, பகோடா என்னும் பௌத்த அடுக்குக் கோபுரத்தையோ தோட்டத்துக்குள் இருப்பதுபோல் காட்டும் 'இரவல் காட்சி' என்று வந்துவிட்டால், எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சின்னச் சின்னப் பிசகுகளை விட்டுவிடுகிறேன், கை பழகினால் அவை போய்விடும்.

நடுப்பகுதியை மறப்பது

சுசோ நகரின் ஜுவோஜெங் தோட்டத்தில், குளத்தின் கிழக்குக் கோடியில் நின்று மேற்கே பாருங்கள். 76 மீட்டர் உயர வடக்குக் கோயில் பகோடா, மறுகரையிலேயே கட்டியதுபோல் மரங்களுக்கு மேலே நிற்கும். உண்மையில் அது பல தெருக்கள் தள்ளி இருக்கிறது. குளம் நீளவாக்கில் கிடப்பதால் பார்வை தடையில்லாமல் ஓடுகிறது, இரு கரை மரங்களும் மதிலையும் ஊர்க் கூரைகளையும் மூடிவிடுகின்றன, பகோடாவின் அடிப்பகுதி தெரியாததால் தூரத்தைக் கண்ணால் கணக்குப் போட முடிவதில்லை. வேலை செய்வது அந்த மறைப்புதான்.

மலையடிவாரத்தில் ஒரு வேலை. "மலை முழுசாத் தெரியணும்" என்று ஒருவர் எல்லையோர மூங்கிலை வெட்டி, மதிலையும் இறக்கிவிட்டார். மலை முழுசாகத்தான் தெரிந்தது. கூடவே மின்கம்பிகள், பக்கத்து ஹோட்டலின் தண்ணீர்த் தொட்டி, வரிசையாக நிற்கும் லாரிகள். அப்புறம் வளர்ந்த மரங்களைக் கிரேனில் இறக்கி நட்ட செலவு, குளம் வெட்டிய செலவைத் தாண்டியது. அவர் திட்டியது ஹோட்டல்காரரை! இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

1631-இல் சீனத் தோட்டக் கலைஞர் ஜி செங் எழுதிய தோட்டக்கலை நூலான 'யுவான்யே'யில் நல்லதை உள்ளே எடு, அசிங்கத்தை மறை என்று இரண்டும் சேர்ந்தே வருகிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து, காட்ட நினைக்கும் பகுதியின் அடிவரை ஒரு கோடு இழுங்கள். அதற்குக் கீழே தெரிவதையெல்லாம் மரமோ மதிலோ மூட வேண்டும், கோட்டுக்கு மேலே எதுவும் நீட்டக்கூடாது. நிற்பவருக்குக் கண்மட்டம் உயரும், அதற்கும் தனியாக ஒரு கோடு.

எங்கிருந்து பார்த்தாலும் காட்டுவது

எல்லா இடத்திலிருந்தும் காட்டத் தேவையில்லை. வூசி நகரின் ஜிசாங் தோட்டத்தில் வடக்கே உள்ள மண்டபத்திலிருந்து குளத்துக்கு அப்பால் சி குன்றின் பகோடா எடுப்பாகத் தெரியும். கரையோரம் நடந்தால் மரங்களுக்கிடையே மறைந்து மறைந்து வரும். பெய்ஜிங் கோடைக்கால அரண்மனைபோல் பெரிய ஏரி இருந்தால் வேறு கதை, உங்களிடம் இருப்பது குட்டை.

கண்ணாடிச் சுவர்

வேண்டாம். மறைக்க வேண்டியதும் சேர்ந்தே தெரியும்.

மரம் வளரும்

நடும்போது உள்ள உயரத்தை வரையாதீர்கள்.

மலை இல்லையே என்று கைவிரிப்பது

தூரத்தில் உள்ளதை மட்டுமா இரவல் வாங்கலாம்? பக்கத்தில் இருப்பது, அண்ணாந்தால் தெரிவது, குனிந்தால் தெரிவது, பருவத்துக்குப் பருவம் மாறுவது என்று ஜி செங்கே பிரித்துச் சொல்கிறார். சுசோவின் சாங்லாங் மண்டபத் தோட்டத்துக்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்தப் பக்கம் உயர்ந்த மதில் எழுப்பாமல், நடுச்சுவரில் பலகணிகள் வைத்த இரட்டை நடைக்கூடம் கட்டி, தண்ணீரைத் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.