சிம்ஸ் 4 ட்ரீம் ஹோம் டெக்கரேட்டர்: முதல் வேலையைச் சொதப்பாமல் முடிப்பது எப்படி?

சிம்ஸ் 4 கேமில் சொந்த வீட்டை இழைத்து இழைத்துக் கட்டுபவர்கள்கூட ட்ரீம் ஹோம் டெக்கரேட்டர் பேக்கில் (அடுத்தவர் வீட்டை அலங்கரிக்கும் வேலையைக் கேமில் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) முதல் வேலையிலேயே திணறுகிறார்கள். இங்கே வீடு உங்களுடையது அல்ல, அதுதான் காரணம். உங்களுக்குப் பிடித்த சாம்பல் நிறச் சுவரும் கண்ணாடி மேசையும் அந்த வீட்டுக்காரருக்கு ஆகாமல் போகலாம். அழகாகக் கட்டினாலும் மதிப்பெண் கிடைக்காது.

2021 ஜூன் 1 அன்று வெளியான கேம் பேக் இது. அடிப்படை கேம் 2022 அக்டோபர் 18 முதல் இலவசம். பேக்கைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும்.

1. வேலையில் சேருங்கள்

உங்கள் சிம்மின் (கேமில் நீங்கள் இயக்கும் பாத்திரத்தின்) ஃபோனில் வேலை தேடும் பகுதிக்குப் போய் இன்டீரியர் டெக்கரேட்டரைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 10 நிலைகள். தினமும் மணியடித்ததும் கிளம்பும் உத்தியோகம் அல்ல இது. வருகிற வேலைகளில் உங்களுக்கு ஒத்துவருவதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் சில பொருள்களை மாற்றுவது, ஓர் அறையைச் சீரமைப்பது போன்ற சின்ன வேலைகள் வரும். நிலை உயர உயர முழு மாடி, பொது இடங்கள் என்று பெரிதாகும்.

வேலைக்குக் கிளம்பும் முன் கேமை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பாதியில் குழம்பினால் இந்தச் சேமிப்புதான் கைகொடுக்கும்.

2. போனவுடன் பில்ட் மோடுக்குள் குதிக்காதீர்கள்

கட்டவும் பொருள் வாங்கி வைக்கவும் உதவும் திரைதான் பில்ட் மோட். போனவுடன் அதைத் திறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வேலை நேரம் வந்ததும் உங்கள் சிம்முடன் நீங்களும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவீர்கள். முதலில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பேசி, பிடித்ததும் பிடிக்காததும் என்ன என்று கேளுங்கள். நிறம், அலங்காரப் பாணி இரண்டும் தெரிந்தாக வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால், இறுதியில் முகம் சுளிப்பவர் நீங்கள் பேசாமல் விட்ட அந்த இன்னொருவராகத்தான் இருப்பார்.

கணவருக்கு நீலம் பிடிக்கும், மனைவிக்கு நீலமே ஆகாது என்று வந்தால் என்ன செய்வது? பொது அறைக்கு இருவரும் வெறுக்காத மூன்றாவது நிறத்தை எடுங்கள். பிடித்ததை அள்ளிக் கொட்டுவதைவிடப் பிடிக்காததை ஒதுக்குவதே பாதுகாப்பு. நீலத்தைக் கணவருடைய மேசைப் பக்கம் ஒன்றிரண்டு பொருள்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேசி முடித்ததும் பழைய அறையைப் படம் எடுங்கள். பொருள்களை நகர்த்திய பிறகு இந்தப் படம் கிடைக்காது. அறையின் ஒரு மூலையில் நின்று எடுத்தால், பிறகு அதே மூலையிலிருந்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

3. பட்டியலும் பணமும்

சீரமைப்பைத் தொடங்கியதும் வாடிக்கையாளர் கொடுத்த பட்ஜெட்டோடு பில்ட் மோட் திறக்கும். திரையில் உள்ள தேவைப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். குறிப்பிட்ட அறையில் செய்ய வேண்டிய வேலை என்றால் அந்த அறைக்குள் வைத்தால்தான் கணக்கு. அருமையான சோபாவை வாங்கி நடைபாதையில் வைத்துவிட்டு, பட்டியல் நகரவில்லையே என்று புலம்பிப் பயனில்லை.

தேவையற்ற பழைய பொருள்களை விற்றால் கையில் பணம் கூடும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, கட்டில் போன்றவற்றை விற்றால், மாற்றை உடனே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசியில் வாங்கலாம் என்று தள்ளினால் பணம் திரைச்சீலையிலும் பூச்சாடியிலும் கரைந்துவிடும்.

செலவழிக்க நல்ல வரிசை: சுவரும் தரையும், பிறகு பெரிய பொருள்கள், பிறகு விளக்கு, மிச்சத்தில் சின்னச் சின்ன அலங்காரம். விளக்கை மறந்தால் பிறகு எடுக்கும் படமும் இருட்டடித்துப் போகும்.

பொருள் பட்டியலில் பாணி வாரியாக வடிகட்டும் வசதி உண்டு. வாடிக்கையாளருக்கு மிட் செஞ்சுரி (இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணி) பிடிக்கும் என்றால் அந்தப் பாணியை மட்டும் திறந்து வாங்குங்கள். பார்ப்பதற்கு அப்படித் தெரிகிறது என்று கண்ணை நம்பி வாங்கும் மேசையைக் கேம் வேறு பாணியில் சேர்த்திருக்கக்கூடும். நிறமும் அப்படித்தான். ஒரே நாற்காலிக்குப் பல நிற வகைகள் இருக்கும். எந்த வகையை நீங்கள் வைத்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

4. இடம் விட்டு வையுங்கள்

படத்தில் அழகாக இருக்கும் அறையில் சிம்மால் நடக்க முடியாமல் போவது இந்த விளையாட்டில் வாடிக்கை. கேமில் தரை சம அளவு சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், எல்லாம் அந்தக் கட்டக் கணக்குதான்.

5க்கு 5 கட்டப் படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கட்டில் 2 கட்ட அகலம், 3 கட்ட நீளம். தலைமாட்டில் இருபுறமும் ஒரு கட்ட அளவில் ஒவ்வொரு சின்ன மேசை வைத்தால், சுவரோரம் 4 கட்டம் போய் 1 கட்டம் மிஞ்சும். மேசைகள் தலைமாட்டுக் கட்டத்தை மட்டுமே அடைப்பதால், கீழே இருபுறமும் ஏறி இறங்க இடம் உண்டு. கட்டிலைச் சுவரோடு ஒட்டிவிட்டால் ஒருவர்தான் படுக்க முடியும், மற்றவர் தவித்து நிற்பார்.

கழிப்பறைக் கோப்பைக்கும் அடுப்புக்கும் முன்னால் குறைந்தது ஒரு கட்டம் காலியாக விடுங்கள். சாப்பாட்டு நாற்காலிகள் மேசையை நோக்கிச் சரியாக ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் சிம்கள் தட்டைக் கையில் ஏந்தி அலைவார்கள். கதவுக்கு நேரே எதையும் வைக்காதீர்கள்.

இந்தப் பேக்கோடு வந்த துண்டு துண்டாகச் சேர்த்து அமைக்கும் சோபாவை இணைப்பது இனிமையானது. மூலைத் துண்டை முதலில் வைத்துவிட்டு இருபுறமும் மற்றதைச் சேர்த்துக்கொண்டு போனால் கோணல் வராது.

5. கை வேகத்துக்கு

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சுவரைச் சொடுக்கினால் அறை முழுவதும் ஒரே நிறம் ஏறும். ஆல்ட்டை அழுத்திப் பிடித்தால் பொருளைக் கட்டத்துக்குக் கட்டுப்படாமல் வைக்கலாம். பிடித்த பொருளைப் பிரதியெடுக்க ஈ விசை. ஒன்றை ஒன்று உரசும்படி வைக்க வேண்டுமானால், கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் பிபி டாட் மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன் (bb.moveobjects on) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். அலங்காரப் பொருள்களுக்கு இது வரம், நாற்காலிக்கும் கதவுக்கும் சாபம்: இடித்துக்கொண்டு நிற்கும் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

6. காட்டும் நேரம்

பட்டியலின் ஒவ்வொரு வரியும் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, அதே மூலையில் நின்று புதிய படத்தை எடுங்கள். பிறகு வாடிக்கையாளரை அழைத்து அறையைக் காட்டுங்கள். ஒருவர் மகிழ்ந்து இன்னொருவர் சலித்துக்கொண்டால், கோளாறு பெரும்பாலும் அவருக்குப் பிடிக்காத ஒரு நிறத்திலோ பாணியிலோ இருக்கும். அடுத்த வேலைக்கு அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பில்ட் மோடில் பொத்தான்கள் வேலை செய்யவில்லையா? கேமைப் புதுப்பித்த பிறகு நீங்கள் முன்பு சேர்த்த மோட்ஸ் (கேமை மாற்ற வெளியார் உருவாக்கிய கோப்புகள்) இடைஞ்சல் செய்வது வழக்கம். மோட்ஸ் கோப்புறையில் இருப்பதை வெளியே எடுத்து வைத்து, சிம்ஸ் 4 கோப்புறையில் உள்ள லோக்கல்தம்ப்கேஷ் கோப்பையும் நீக்கிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். கேம் அந்தக் கோப்பைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும், சேமித்த ஆட்டம் எதுவும் அழியாது.