ஆகஸ்டில் ஊருக்கு: டிக்கட் எடுத்த பிறகு யோசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

லண்டன், டொரொண்டோ, பாரிஸ், சூரிச் என்று எங்கே இருந்தாலும் நிலைமை ஒன்றுதான். பிள்ளைகளுக்கு நீண்ட லீவு ஜூலை, ஆகஸ்டில்தான் வரும், ஆகவே இலங்கைக்குப் போவதும் அப்போதுதான். அதே நேரத்தில்தான் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆகஸ்டில் லீவு விடுகிறார்கள். கண்டியில் பெரஹெரா ஊர்வலம், யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் கொடி, மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழா என்று எல்லாம் சில கிழமைகளுக்குள் வந்து விழும். விமானச் சீட்டில் இருந்து வான் வண்டி வாடகை வரை விலை ஏறாமல் என்ன செய்யும்?

விலையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். பெரும்பாலான சிக்கல், மலிவாகக் கிடைத்த நாளுக்கு டிக்கட்டை எடுத்துவிட்டு அதற்குப் பிறகு எங்கே போகலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதில் இருந்து வருகிறது. எந்தக் கடலில் குளிக்கலாம் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது, எந்தத் திருவிழா எப்போது என்பதை அமாவாசையும் பௌர்ணமியும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு டிக்கட்டுக்குப் போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

நல்லூரையே எடுத்துக்கொள்வோம். "ஆகஸ்டில்தானே திருவிழா" என்று நம்பி டிக்கட் எடுத்துவிட்டு, தேருக்கு முதல் திரும்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடியேறும், கொடியேறிய நாளில் இருந்து இருபத்து நாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அமாவாசை நகர்ந்தால் எல்லாமே நகரும். 2023இல் தேர் செப்டம்பர் 13, 2024இல் செப்டம்பர் 1, 2025இல் ஆகஸ்ட் 21. 2026இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12இல் வருகிறது, அந்தக் கணக்குப்படி தேர் மறுபடியும் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் போய்விடும். அப்போது லண்டனிலும் டொரொண்டோவிலும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இப்படியான வருடத்தில் தேர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் கொடியேற்றத்துக்கோ சாமி மஞ்சத்தில் வரும் பத்தாம் திருவிழாவுக்கோ நாளை அமைப்பது நல்லது. உண்மையைச் சொன்னால், சின்னப் பிள்ளைகளுடன் போகிறவர்களுக்குத் தேரன்றைய நெரிசலைவிட மஞ்சம் வசதியானது. சாமியை ஆறுதலாகப் பார்க்கலாம். சரியான திகதியைக் கோயில் அறிவித்த பிறகு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கண்டிக்கும் இதே கதை. எசல பெரஹெரா, ஆகஸ்டில் வரும் நிக்கினிப் பௌர்ணமியை ஒட்டி முடிகிறது. 2025இல் அந்தப் பௌர்ணமி ஆகஸ்ட் 8, 2026இல் ஆகஸ்ட் 27. கடைசி ஐந்து இரவுகளான ரந்தோலிப் பெரஹெராதான் பெரிது, அதற்குத்தான் அறை விலையும் எகிறும். முதல் ஐந்து இரவுகளான கும்பல் பெரஹெராவில் யானையும் குறைவு, கூட்டமும் குறைவு, ஆனால் சவுக்கடிப்பவர்கள், பந்தம் பிடிப்பவர்கள், கண்டிய நடனம் எல்லாம் உண்டு. இதில் இன்னொரு வகைத் தவறும் இருக்கிறது: பெரஹெராவில் துளி ஆர்வமும் இல்லாதவர்கள் அது நடக்கும் நாட்களிலேயே தெரியாமல் கண்டியில் அறை எடுத்து, மூன்று மடங்கு விலை கொடுத்து, பின்னேரம் றோட்டுப் பூட்டியதால் அறைக்கே போய்ச் சேர முடியாமல் நிற்பது. உங்களுக்கு வேண்டாத திருவிழாவின் நாட்களையும் பார்த்து வையுங்கள், ஒதுங்கிப் போகலாம்.

அப்புறம் கடல். இணையத்தில் பார்க்கிற அழகான கடற்கரைப் படங்களில் பாதி தெற்கில் இருக்கிற மிரிஸ்ஸ, உனவட்டுன, ஹிக்கடுவ. அவை டிசம்பரில் இருந்து மார்ச் வரை எடுத்த படங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தில்தான் அடிக்கிறது. மழை நாள் முழுக்கப் பெய்யும் என்று இல்லை, வெயிலும் வரும், ஆனால் கடல் கொந்தளிப்பாகத்தான் இருக்கும், அடியில் இழுக்கும் நீரோட்டம் இருக்கும். சிவப்புக் கொடி பறக்கும்போது "கரையோரமாகத்தானே நிற்கிறோம்" என்று பிள்ளைகளை இறக்கக் கூடாது. அறை மலிவாக இருக்கிறது என்று ஆகஸ்டில் தெற்குக் கடற்கரையில் ஒரு கிழமை போடுகிறவர்கள், அது ஏன் மலிவாக இருக்கிறது என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

மலை அந்தக் காற்றைத் தடுத்துவிடுவதால் அதே நேரத்தில் கிழக்குக் கரை காய்ந்து, கடல் குளம்போல் கிடக்கும். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா எல்லாம் ஜூலை, ஆகஸ்டுக்காகவே இருக்கிற இடங்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் இலங்கையில் இல்லை என்பது என் கருத்து. அறுகம்பேயில் அலைச் சறுக்குக்காரர்கள் நிறைந்து வழிவார்கள், குடும்பத்துக்கு அது அவ்வளவு தோதில்லை. திமிங்கிலம் பார்க்கவும் இந்த மாதங்களில் திருகோணமலைதான், மிரிஸ்ஸ இல்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குப் போவதானால் காலையில் முதல் படகில் போங்கள். பத்து மணிக்குப் பிறகு அங்கே மீனைவிட மனிதக் கால்கள்தான் அதிகம் தெரியும். பவளப் பாறையில் ஏறி நிற்காதீர்கள், அது தேசியப் பூங்கா.

மலைநாட்டிலும் இதே பிரிவு உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் பனியும் தூறலுமாக இருக்கும்போது பதுளை, எல்ல பக்கம் நன்றாக வெளித்திருக்கும். கண்டியில் இருந்து எல்ல போகும் ரயிலை எல்லோரும் கேட்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் அந்த மலைப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது, ஆகவே எந்த இடத்துக்கு இடையில் ஓடுகிறது என்று விசாரித்த பிறகு திட்டம் போடுங்கள். ஆசனப் பதிவு வழமையாக முப்பது நாட்களுக்கு முன்னர் திறக்கும், திறந்த வேகத்தில் முடிந்தும் விடும். சிவனொளிபாதமலையை ஆகஸ்டில் ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு: பருவகாலம் டிசம்பரில் இருந்து மே வரை. மற்ற நேரத்தில் படிகளில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது, மேலே ஏறினாலும் முகில்தான் தெரியும்.

இனி தூரம். வரைபடத்தில் இலங்கை கையளவுதான், நானூறு கிலோமீற்றர் என்றால் ஐரோப்பாவில் நாலு மணித்தியாலம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணம் ஏழு, எட்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இன்னும் கூடும். பதினொரு மணி நேரம் பறந்து வந்து, அதிகாலையில் இறங்கி, அப்படியே வான் வண்டியில் ஏறி ஒரே மூச்சாக ஊருக்கு ஓடுவதுதான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் செய்வது. இதைத்தான் ஆபத்தான தவறு என்று நான் சொல்வேன், மற்றதெல்லாம் காசு நட்டத்தோடு போய்விடும். சாரதியும் உங்களை எடுக்க இரவிரவாக வடக்கில் இருந்து ஓடி வந்தவராகத்தான் இருப்பார். விமான நிலையத்தில் இருந்து ஊருக்குப் போன வான் விடியற்காலையில் லொறியோடு மோதியது என்ற செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்! முதல் இரவை நீர்கொழும்பில் கழியுங்கள், விமான நிலையத்துக்குப் பக்கம்தான். இல்லாவிட்டால் அநுராதபுரத்தில் ஒரு இரவு நின்று அடுத்த நாள் போங்கள். சாரதி நித்திரை கொண்டாரா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள், அந்த றோட்டில் யானை குறுக்கே வரும்.

வாகனத்தைத் தானே ஓடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் காட்டி அங்கே வாகனம் ஓட முடியாது, உள்ளூர் அனுமதி எடுக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருவது நல்ல யோசனைதான். ஆனால் லண்டன்–சென்னை ஒரு டிக்கட், சென்னை–பலாலி வேறு டிக்கட் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் பொதியை வெளியே எடுத்து மறுபடியும் கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சின்ன விமானம் என்பதால் பொதி அளவும் குறைவு, சித்தப்பாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு அங்கே தனியாகக் காசு கட்ட நேரும்.

இலங்கை விசாவுக்கு இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், பார்வைக்கு அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பிள்ளைகளுடையதை முக்கியமாக, அவர்களுடையது சீக்கிரம் காலாவதியாகும்.

வெயிலையும் வயிற்றையும் பற்றிப் பெரியவர்கள் "நாங்கள் அங்கே பிறந்தவர்கள்தானே" என்று சொல்வார்கள். இருபது வருடம் குளிர்நாட்டில் இருந்த உடம்புக்கு அந்தப் பழக்கம் எல்லாம் போய்விட்டது, பிள்ளைகளுக்கோ அது தொடக்கத்திலேயே இல்லை. ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கருகும், தண்ணீர் வற்றும். பிள்ளைகளுக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், கொதிக்க வைத்ததோ போத்தல் தண்ணீரோதான், வெளியே போனால் இளநீர். மலேரியா மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கு, 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. பயப்பட வேண்டியது டெங்கு. அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுத்து இரத்தம் சோதியுங்கள். இபுபுரோஃபென், அஸ்பிரின் கொடுக்காதீர்கள், டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

சிகிரியாக் குன்றுக்குக் காலை வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஏறத்தாழ 1,200 படி, பத்து மணிக்கு மேல் அந்தக் கல் சூடேறிவிடும், சிங்கப் பாதத்துக்கு அருகே வரிசை நகராது. யானைக்கூட்டத்துக்கு மின்னேரியா என்று எல்லோரும் சொல்வார்கள். குளத்தில் தண்ணீர் வற்றிப் புல் முளைத்தால்தான் யானைகள் அங்கே சேரும், தண்ணீர் நிறைந்திருக்கிற வருடத்தில் கவுடுல்லவிலோ ஹுருலுவிலோ நிற்கும். ஆகவே ஜீப்பை முன்கூட்டியே ஒரு பூங்காவுக்கென்று கட்டிவைக்காமல், அன்று காலையில் உள்ளூர் ஆளிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். யால பூங்காவுக்குப் போகிறவர்கள், செப்டம்பர் தொடங்கியதும் அதன் முதலாம் பிரிவை வழமையாகப் பூட்டிவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சொந்தக்காரர் விஷயத்தை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் லீவைத் தின்பது அதுதான். மூன்று கிழமையில் இரண்டு கிழமை வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணீர் குடித்து, பலகாரம் சாப்பிட்டு, பிள்ளைகள் மூலையில் போனை நோண்டிக்கொண்டிருக்க, கடைசி நாலு நாளில் கண்டி, எல்ல, காலி என்று வானில் ஓடுவது. ஆவணி பிறந்துவிட்டால் கலியாண வீடுகளும் சேர்ந்துகொள்ளும். இதற்கு என் வழி, சுற்றுகிற நாட்களை முதலில் வைத்துவிட்டு ஊருக்குக் கடைசியில் போவது. முதலில் ஊருக்குப் போனால் அங்கிருந்து கிளம்ப விடமாட்டார்கள், பெரியம்மா அழுவார், நீங்களும் "சரி, இன்னும் இரண்டு நாள்" என்பீர்கள், முன்பதிவு செய்த அறைக் காசு போய்விடும். கடைசியில் போவதென்றாலும், விமானத்துக்கு முந்தின நாள் பகலிலேயே வெளிக்கிட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். மிளகாய்த்தூளை இரண்டு பைக்குள் போட்டு நாடாவால் ஒட்டாவிட்டால் உடுப்பெல்லாம் சிவந்துவிடும். பாலில் செய்த பலகாரமும் இறைச்சியும் பிரித்தானியாவுக்குள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் போகாது. ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்கள் மாம்பழத்தையும் கறிவேப்பிலையையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது, வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் ஆகிய ஐந்துக்குத்தான் விலக்கு. ஜூலையில் போகிறவர்களுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைத்தால், அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள்.