பின் எக்சலில் ஒயில் கசிகிறதா? சீல் மாற்றுவது இப்படித்தான்

பின் சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். பிசுபிசுப்போடு கந்தக வாடை அடித்தால் கியர் ஒயில். எக்சல் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான எக்சல் சீல் போயிருக்கிறது. நீர்த்திருந்தால் பிரேக் ஒயிலாக இருக்கலாம், அது வேறு வேலை. கொழும்பில் ஓடும் ஜீப்பென்றால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்பார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. மலைநாட்டு ராம்பொடை இறக்கத்தில் ஒரு பக்க பிரேக் சூ ஒயிலில் ஊறியிருந்தால் பிரேக் மிதிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும்.

இங்கே சொல்வது சுசுகி ஜிம்னி போல, பின்னால் டிரம் பிரேக்கும் பாரத்தைத் தாங்கும் எக்சல் தண்டும் உள்ள வண்டிகளுக்கு. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஹப் அமைப்பு வேறு.

சீல் வாங்கும் முன் எக்சல் குழாயின் மேலே காற்று போய்வர இருக்கும் சிறு வழியான பிரீதரைப் பாருங்கள். தோட்டப் பாதைச் சேறு அதை அடைத்துவிடும். சூடான எக்சலுக்குள் காற்று விரிந்து, வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஒயிலைத் தள்ளும். சூட்டோடு ஓடையில் இறக்கினால் உள்ளே வெற்றிடமாகி தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீல் மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே கசியும்.

சரி, வேலைக்கு வருவோம். மலையில் சமதரை தேடுவதே பாதி வேலை. முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜெக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. எக்சலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஒயிலை வடித்துவிட்டு, கைபிரேக்கைத் தளர்த்தி, சில்லையும் டிரம்மையும் கழற்றுங்கள். பிரேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிறகு டிரம்முக்குப் பின்னால் பிரேக் சூக்களைத் தாங்கும் பின்தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி எக்சலை நேராக இழுக்க வேண்டும். வராவிட்டால் இழுப்புச் சுத்தியல் தேவை. பழக்கமான கராஜ் பாஸிடம் இரவல் கேளுங்கள். பிரேக் குழாய் தடுத்தால் கழற்றி முனையை அடைத்து வையுங்கள்.

பழைய சீலை நெம்பி எடுத்து, குழியில் கீறல் விழாமல் துடையுங்கள். அதையே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அனுப்பி அளவு பார்த்து வாங்கலாம்; பெரும்பாலும் அளவெண்கள் சீலின் முகத்திலேயே இருக்கும். புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஒயிலை, அதாவது உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, அகலமான சொக்கெட்டை வைத்துச் சுற்றிவரச் சீராகத் தட்டி இறக்குங்கள்.

எக்சலை உள்ளே விடும்போது அவசரம் வேண்டாம். அதன் பல்முனை சீலின் உதட்டில் உரசினால் பட்ட பாடெல்லாம் வீண். பெயரிங்கையும் ஆட்டிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஊறிய பிரேக் சூவைக் கழுவியோ எரித்தோ காப்பாற்றப் பார்க்காமல், இருபக்கமும் புதிது போடுங்கள்.

எல்லாம் பூட்டிய பின் வண்டியைச் சமதளத்தில் இறக்கி, கையேட்டில் சொன்ன கியர் ஒயிலை நிரப்புங்கள். வழக்கமாக ஜிஎல்-5, 80டபிள்யூ-90. நிரப்பும் துளையின் விளிம்பு வரை போதும். சரிவில் நின்று நிரப்பினால் அளவு கூடிவிடலாம், அப்புறம் அதுவே கசியக் காரணமாகும். பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால் காற்றெடுக்க மறக்காதீர்கள்.

மெதுவாக ஓட்டி பிரேக்கைச் சோதித்த பின் பின்தட்டின் அடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மறுபடியும் ஒயில் ஒட்டினால், எக்சல் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தண்டை லேத் வேலை செய்பவரிடம் காட்ட வேண்டியதுதான்.