துபாய் மாலைநேரப் பாலைவன சஃபாரி: கிளம்பும் முன்

துபாயில் மாலை சஃபாரிக்கு மதியம் 3 மணி வாக்கில் வண்டி வரும். அறை திரும்ப இரவு 9 ஆகிவிடும். மதியச் சாப்பாட்டை 1 மணிக்குள் அளவாக முடித்துவிடுங்கள். பயணத்தில் குமட்டல் வருபவர்கள் மாத்திரையைப் புறப்படும்போதே போட வேண்டும், குமட்டத் தொடங்கியபின் போட்டுப் பெரிய பயனில்லை.

துபாய்க்கு வெளியே லஹ்பாப் பாலைவனத்தின் செம்மணலை எட்டியதும் ஓட்டுநர் டயர் காற்றை 35-லிருந்து 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவார். அப்போதுதான் டயர் அகன்று மணல்மேல் பரவும். இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். கடைசி வரிசையில் குலுக்கல் அதிகம், நடுவரிசையைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தொலைவைப் பாருங்கள், கைபேசியை அல்ல. கர்ப்பிணிகளும், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும், கைக்குழந்தைகளும் வண்டி மணல்மேடுகளில் ஏறி இறங்கும் இந்தச் சவாரியில் ஏறவே கூடாது. அவர்களுக்காக, மேடுகளில் ஏறாமல் பாலைவன முகாமுக்கு நேராகப் போகும் வண்டி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

ஒட்டகச் சவாரியில், ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள் முதலில் நிமிரும். ஆள் முன்னால் சரிவது அந்த நொடியில்தான். சேணப் பிடியை இரு கையாலும் பற்றி, உடம்பை நன்றாகப் பின்னுக்குச் சாயுங்கள். அது உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடியும், அப்போதும் பின்சாய்வுதான். படமெல்லாம் நடுவழியில் எடுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர், ஜனவரியில் இருட்டியதும் குளிர் இறங்கும். ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.