வெயிலிலும் எடுப்பாக உடுத்த

வெயில் காலத்துக்குத் துணி எடுக்கும்போது நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரிந்தால் காற்றும் புகும். லினன், மெல்லிய பருத்தி இரண்டும் இதில் தேறிவிடும். லினன் கசங்கத்தான் செய்யும். அதுவே அதற்கு அழகு என்பது என் கட்சி.

உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெளியே பருத்தி, உள்ளே பாலியஸ்டர் லைனிங் என்றால் வியர்வை காயாமல் உடம்போடு ஒட்டும். தோள் அளவு மட்டும் கச்சிதமாக இருக்கட்டும், அதற்குக் கீழே தொளதொளவென்று இருந்தாலும் எடுப்பாகவே தெரியும்.

சாம்பல் நிறம் அக்குள் ஈரத்தைப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் (பட்டவள் சொல்கிறேன்). வெள்ளையிலும் சின்னப் பூப்போட்டதிலும் அவ்வளவாகத் தெரியாது.